உச்சிக் கரண்டு

இந்தப் பக்கமா உள்ள தள்ளி உக்காருங்க. அந்தப் பக்கத்துச் சன்னலோரம் உக்காந்தீங்கன்னா டவுனு போய்ச் சேர்ற வரைக்கும் வெயிலு மூஞ்சியிலயே அடிக்கும். எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் வெயிலுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆறு வருசமா எனக்கு வெயிலோடதான் சோலி. எங்கூரு கருக்கம்பாளையம். ஊருக்குத் தெக்கால மந்தைக்காட்டுல வரிசை வரிசையாக் கண்ணாடிப் பலகை நிக்குமே, பஸ்சுல போறப்பப் பார்த்திருப்பீங்க. சோலாரு. ஆரோ கம்பெனிக்காரன் போட்டதுன்னு நெனைச்சுக்காதீங்க. ஊருக்குச் சொந்தமுங்க. நூத்திப் பன்னெண்டு ஊட்டுக்கும் பாத்தியப்பட்டது. அதுக்குன்னு பதிவு பண்ணுன சங்கம் இருக்குது. அந்தச் சங்கத்துக்கு நாந்தான் தலைவரு. தலைவரா இருந்தேன்னு சொல்லோணும். போன மாசம் பத்தொம்பதாந்தேதி வரைக்கும் இருந்தேன்.

பேரு சென்னியப்பனுங்க. ஆனா ஊருல பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன் ஒருத்தனும் கெடையாது. தலைவரே, தலைவரேதான். இப்ப டீக்கடைக்குப் போனா, "வாங்க முன்னாள்"ங்கறானுங்க. முன்னாள் தலைவருன்னு முழுசாக் கூடச் சொல்றதில்ல. வெறும் முன்னாள். பங்காளி மொறை ஆகுது, அதனால பல்லைக் கடிச்சுட்டு டீயைக் குடிச்சுட்டு வந்தர்றேன்.

பதவிக்காக நான் பேசலீங்க. அதை மொதல்லயே சொல்லீர்றேன். போனாப் போகுது தலைவரு பதவி, அதுல என்ன தங்கமா கொட்டுது? நியாயம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க. நானே மண்ணுல உக்காந்து, நானே விதி எழுதி, நானே வளர்த்த சங்கம். அதுலேருந்து என்னையே வெளிய தள்ளிட்டு, எங்க தோட்டத்து முருங்கைக்கு வர்ற உச்சிக் கரண்டையும் புடுங்கிட்டாங்கன்னா, வயிறு எரியுமா எரியாதா? எரியுதுங்க. பொழுதன்னைக்கும் எரியுது.

உச்சிக் கரண்டுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதில்ல. சொல்றேன். ஊட்டு லைட்டுக்கும் ஃபேனுக்கும் எல்லா ஊரையும் போல அரசாங்கக் கரண்டு இருக்குது. ஆனா நாங்க கடைக்கோடி. வோல்டேஜு இழுக்காது. மோட்டாரைப் போட்டா மொனகும், அப்புறம் நின்னுக்கும். அதனாலதான் சோலாரு. தோட்டத்து போரு மோட்டாரு பத்தொம்பது, ஊருத் தண்ணி டேங்குக்கு ஒரு மோட்டாரு, இதுக்கு மட்டுந்தான் அது. பேட்டரி கீட்டரி ஒண்ணும் கெடையாது. வெயிலு இருந்தாக் கரண்டு, மேகம் வந்தா இல்ல. காலையில பத்து மணி வரைக்கும் எளவெயிலு, மோட்டாரு இழுக்காது. மதியம் ரெண்டரைக்கு மேல சாஞ்ச வெயிலு, மோட்டாரு சுத்தும், தண்ணி வராது, சும்மா இருமும். நடுவுல அந்தப் பத்துலேருந்து ரெண்டரை வரைக்கும்தான் குழாய் பிச்சுக்கிட்டு ஊத்தும். அந்த நாலரை மணி நேரத்துக்குத்தான் எங்கூருல உச்சிக் கரண்டுன்னு பேரு. நெசத்துல அந்த நாலரை மணி நேரம்தான் கரண்டு. மிச்சமெல்லாம் பேருக்கு.

அதை நான் எப்படிப் பிரிச்சேன் தெரியுமுங்களா? பத்தொம்பது போருக்கும் முறை போட்டேன். இன்னிக்கு உனக்கு, நாளைக்கு அவனுக்கு. சுவிட்சு ரூம்புல பெரிய அட்டையில எழுதித் தொங்க விட்டேன். ஆறு வருசத்துல ஒரு சண்டை, ஒரு கைகலப்பு? கேட்டுப் பாருங்க. ரெண்டரைக்கு மோட்டாரு முறை முடிஞ்சதும் டேங்குக்குக் கரண்டு. டேங்கு ரொம்புமான்னு கேப்பீங்க. பாதி ரொம்பும். பாதி பத்தாதுங்களா? கிழக்கு வளவுத் தெருவெல்லாம் கொஞ்சம் மேடு, அங்க சரியா ஏறாதுன்னு சொல்லுவாங்க. சொல்றவங்க எதுக்கும் சொல்லத்தான் செய்வாங்க. எங்கூட்டுல ஒரு நாளும் தண்ணிக்குக் கஷ்டம்னு வந்ததே இல்லீங்க. எப்பப் பார்த்தாலும் அண்டா குண்டா எல்லாம் ரொம்பித்தான் கெடக்கும். என் ஊட்டுக்காரி சாந்தாமணி மத்தியானம் எனக்குத் தோட்டத்துக்குச் சோறு கொண்டு வர்றப்ப ரெண்டு கொடத்தையும் கொண்டாந்துருவா. எங்க மோட்டாரோ பக்கத்துத் தோட்டத்து மோட்டாரோ ஓடிட்டு இருக்கும், புடிச்சுட்டுப் போவா. மறுபடி வருவா, புடிச்சுட்டுப் போவா. ஒரு மைலு கூட இருக்காது. சும்மா போறதுக்குப் பதிலா தண்ணியோட போறா, அதுல என்ன கஷ்டம்?

கூட்டமும் ஒழுங்கா நடத்துனனுங்க. அதை ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாது. வருசத்துக்கு ஒரு மகாசபை, மூணு மாசத்துக்கு ஒருக்கா சாதாக் கூட்டம். சமுதாயக்கூடத்துல, சரியா மூணு மணிக்கு. ஏன் மூணு மணின்னா, அப்பத்தான் மோட்டாரு முறை முடிஞ்சு ஆம்பளைக சும்மா இருப்பாங்க. பொம்பளைக வரக்கூடாதுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. கதவு தொறந்துதான் கெடக்கும். அவுங்களாத்தான் வரமாட்டாங்க. அந்த நேரத்துலதான் டேங்குத் தண்ணி வரும், குழாயடியில நிப்பாங்க. ஒவ்வொரு தீர்மானத்துக்கும், "ஆருக்காவது ஆட்சேபணை இருக்குதா?"ன்னு மூணு தடவை கேப்பேன். ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. ஏகமனதா நிறைவேறும். ஆறு வருசமும் ஏகமனது. எந்த ஊருச் சங்கத்துல இருக்குதுங்க இப்படி?

இப்ப விதிக்கு வர்றேன். அதுதான் முக்கியம். சங்கம் ஆரம்பிக்கறப்ப மெட்ராசுல ஒரு டிரஸ்ட்டுல இருந்து ஒரு அம்முணி வந்துச்சு. பலகையெல்லாம் வாங்கிக் குடுத்தது அவுங்கதான். ஒரே ஒரு கண்டிசன் போட்டாங்க. எத்தனை ஏக்கரு வெச்சிருந்தாலும் ஒரு ஊட்டுக்கு ஒரு ஓட்டு. இருபது ஏக்கருக்காரனுக்கும் ஒண்ணு, கூலிக்குப் போறவனுக்கும் ஒண்ணு. ஊருல ஒருத்தனும் ஒத்துக்கல. நாந்தான் எந்திரிச்சு, "இதுக்குப் பேருதாண்டா ஜனநாயகம்"னு சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அந்த அம்முணியும் தட்டுச்சு.

சரி, ஒரு ஊடுன்னா எது? அங்கதான் வந்துச்சு வில்லங்கம். எங்கூருல அண்ணந்தம்பி மூணு பேரு ஒரே அடுப்புல சாப்பிடுவான். ஓட்டுன்னு வந்தா மூணு ஊடும்பான். இன்னொரு ஊட்டுல அப்பனுக்கா மகனுக்கான்னு அடிதடி. ரெண்டு நாளாப் பேசியும் தெகையல. அப்பத்தான் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்ச மாதிரி ரேசன் கார்டு ஞாபகம் வந்துச்சு. கார்டு எத்தனையோ ஊடு அத்தனை. அதுல குடும்பத் தலைவருன்னு ஆரு பேரு இருக்குதோ அவருக்கு ஓட்டு. அம்புட்டுத்தான். அன்னிக்கே உக்காந்து என் கையாலயே எழுதுனேன். விதி ஒம்போது. மனப்பாடமாச் சொல்றேன் கேளுங்க. "குடும்ப அட்டையில் குடும்பத் தலைவராகப் பெயர் உள்ளவரே சங்க உறுப்பினர் ஆவார். அவருக்கே வாக்குரிமை உண்டு. அவருக்குப் பதிலாக வேறு எவரும் கூட்டத்தில் கலந்துகொள்ளவோ வாக்களிக்கவோ கூடாது." அந்தக் கடைசி வரியும் என்னுதுதான். எங்க உபதலைவரு குப்பணன் இருக்கறானே, சோம்பேறி, கூட்டத்துக்கு மச்சினனை அனுப்பி வெச்சுட்டு ஊட்டுல தூங்குவான். அதுக்கு வெச்ச ஆப்பு. நல்லா இருக்குதில்ல? டிரஸ்ட்டு அம்முணி கூட, "சார், வக்கீல் எழுதின மாதிரி இருக்கு"ன்னுச்சு.

அதுக்கப்புறம் நாலு வருசம் போச்சு. பொம்பளைகளுக்கு மாசம் ஆயிரம் ரூபாத் திட்டம்னு ஒண்ணு வந்துச்சில்லீங்க. கார்டுல தலைவின்னு பொம்பளை பேரு இருந்தாத்தான் கெடைக்கும்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். நெசமோ பொய்யோ, ஊரே அலறுது. நான் சும்மா இருக்க முடியுங்களா? தலைவரில்ல? மினி ஆட்டோ புடிச்சு எல்லாத்தையும் ஏத்திட்டு இ-சேவை மையத்துக்குப் போயி, நானே முன்ன நின்னு, ஒரே நாள்ல நாப்பத்தேழு கார்டு மாத்தி விட்டேன். அடுத்த வாரம் மிச்சம். எங்கூட்டுக் கார்டுலயும் என் போட்டோவை எடுத்துட்டு சாந்தாமணி போட்டோவைப் போட்டாச்சு. ஊட்டுக்கு வந்து, "பார்த்தியா, இன்னியிலேருந்து நீதான் இந்தக் குடும்பத்துக்குத் தலைவி"ன்னு அவகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியறதுக்கு ரெண்டு வருசம் ஆச்சுங்க.

ஏன்னா ஒருத்தனுக்கும் தோணல. ஆம்பளைக பாட்டுக்கு மூணு மணிக்கு வந்தோம், கையைத் தூக்குனோம், டீயைக் குடிச்சோம். எனக்கும் தோணல, செகரெட்டரி துரைராசுக்கும் தோணல. துரைராசு எங்கூரு ஸ்கூல்ல கிளார்க்கா இருந்து ரிட்டயரு ஆனவரு. அவருக்குச் சூது வாது ஒண்ணும் தெரியாது. தாள்ல என்ன இருக்குதோ அதுதான் உலகம்.

இந்த வருசம் மாசியிலயே கெணறு போரெல்லாம் எறங்கிப் போச்சு. சாஞ்ச வெயிலுக்கு டேங்கு மோட்டாரு இழுக்கவே மாட்டேனுடுச்சு. கால் டேங்கு ஏறுனா அதிசயம். கிழக்கு வளவுல நாகரத்தினம்னு ஒரு பொம்பளை. புருசன் திருப்பூருல சாயப்பட்டறையில இருக்கறான், ஞாயித்துக்கெழமை மட்டும் வருவான். அது எங்கூட்டுக்கு ரெண்டு தடவை வந்துச்சு. "தலைவரே, உச்சிக் கரண்டுல ரெண்டே ரெண்டு மணி நேரம் டேங்குக்கு விடுங்க. பன்னெண்டு நாளா எங்க வளவுல குழாயே தொறக்கல"ன்னு கேட்டுச்சு. நான் எரிஞ்சு விழலீங்க. பொறுமையாத்தான் சொன்னேன். "கோரிக்கைன்னா உறுப்பினரு மூலமா வரோணும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? உம் புருசனைக் கூட்டத்துக்கு வரச் சொல்லு." அது திரும்பிப் போயிருச்சு. உள்ள சாந்தாமணி கொடத்தைக் கொஞ்சம் சத்தமா வெச்ச மாதிரி இருந்துச்சு. நான் கண்டுக்கல.

இந்த நேரம் பார்த்து மகாசபை வருது. உறுப்பினரு பட்டியலைப் புதுப்பிச்சு அனுப்பச் சொல்லிப் பதிவாளரு ஆபீசுல இருந்து கடுதாசி. துரைராசு என்ன பண்ணுனாரு? விதி ஒம்போதைப் படிச்சாரு. ஊடு ஊடாப் போயி ரேசன் கார்டை வாங்கிப் பார்த்து, தலைவருன்னு போட்டிருக்கற பேரை எழுதிட்டு வந்துட்டாரு. நூத்திப் பன்னெண்டுல தொண்ணுத்தெட்டு பொம்பளைப் பேரு! ஆம்பளை பதினாலு, பொம்பளை இல்லாத ஊடுக, துரைராசு ஊடும் அதுல ஒண்ணு. அதைப் பார்த்தாவது அந்த மனுசனுக்கு மண்டையில உறைக்க வேண்டாமா? அழகா டைப் அடிச்சு எங்கிட்டக் கொண்டாந்து நீட்டுனாரு. நான் முருங்கைக்கு மருந்தடிச்சுட்டு நிக்கறேன். நீட்டுன எடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். படிச்சுப் பார்க்கலையான்னு கேக்காதீங்க. எல்லாரும் கேட்டாச்சு. படிக்கல. அந்தப் பட்டியல்படி ஒவ்வொருத்தர் பேருக்கும் தனித்தனியா மகாசபை நோட்டீசு போச்சு. தொண்ணுத்தெட்டுப் பொம்பளைகளும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாங்க. எங்கூட்டுக்கும் வந்திருக்குது. சாந்தாமணி வாங்கி அரிசிப் பானைக்கு அடியில வெச்சிருக்கறா. எங்கிட்ட மூச்சு விடல.

மகாசபை அன்னிக்கு மூணு மணிக்கு நான் வேட்டி சட்டை மாத்திட்டுப் போறேன். சமுதாயக்கூடம் பூராப் பொம்பளைக. உள்ள கால் வெக்க எடமில்ல. ஆம்பளைக எல்லாம் வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பார்க்கறானுங்க. ஒவ்வொருத்தி கையிலயும் நோட்டீசு, பிளாஸ்டிக் கவர்ல ரேசன் கார்டு. நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், "ஏம்மா, இன்னிக்கு ரேசன் கடை இங்க இல்லையே. அதைக் கொண்டு போயி வெச்சுட்டு ஊட்டு ஆம்பளைகளை உள்ள வரச் சொல்லுங்க"ன்னு.

நாகரத்தினம் எந்திரிச்சுச்சு. "தலைவரே, நோட்டீசு எம் பேருக்கு வந்திருக்குது."

"தப்பா வந்திருக்கும்மா."

"கீழ உங்க கையெழுத்து இருக்குதுங்களே?"

எனக்கு ரோசம் வந்துருச்சு. "சங்கம்னா சட்டம்னு ஒண்ணு இருக்குது. கேட்டுக்கங்க"ன்னு விதிப் புத்தகத்தை எடுத்து, விதி ஒம்போதை நல்ல கணீருன்னு படிக்க ஆரம்பிச்சேன். "குடும்ப அட்டையில் குடும்பத் தலைவராகப் பெயர் உள்ளவரே..." அந்த எடத்துல வந்து நாக்கு நின்னு போச்சுங்க. முன் வரிசையில பூராவும் கார்டு. எல்லாக் கார்டுலயும் பொம்பளை போட்டோ. நானே மினி ஆட்டோவுல ஏத்திட்டுப் போயி மாத்துன போட்டோ. எந் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு நிக்கறேன். மூஞ்சியில ஈயாடல.

"மிச்சத்தையும் படிங்க தலைவரே"ன்னு பின்னாடி இருந்து ஒருத்தி.

மிச்சத்தை நான் படிக்கல, துரைராசு படிச்சாரு. "அவருக்குப் பதிலாக வேறு எவரும் கூட்டத்தில் கலந்துகொள்ளவோ..." படிச்சு முடிச்சுட்டு, அந்தப் பாவி மனுசன் எங்காதுகிட்ட வந்து, "தலைவரே, கார்டுல தலைவரா உங்க பேரும் இல்லீங்க. நீங்க மேடையில உக்காரக் கூடாதுங்களே"ங்கறாரு. மெதுவாத்தான் சொன்னாரு. ஆனா மைக்கு ஆன்ல இருந்துச்சு.

எறங்கி வந்தேன். வாசல்ல குப்பணன் பக்கத்துல நின்னேன். ஆறு வருசம் நான் உக்காந்த நாற்காலிங்க. வெளிய நின்னு எட்டிப் பார்க்கறேன். அந்த நிமிசம் செத்துரலாம் போல இருந்துச்சு. உள்ள ஒரு வார்த்தை சொல்லோணும்னு வாயெடுத்தேன். "உறுப்பினரு இல்லாதவங்க பேசக் கூடாதுங்க"ன்னு துரைராசு கையைக் காட்டுனாரு. அதுவும் நான் போட்ட விதிதான். விதி பதினொண்ணு.

சரி, பொம்பளைக கூட்டம், அரை மணி நேரத்துல ஆளாளுக்குக் கத்திட்டுப் போயிருவாங்கன்னு பார்த்தேன். ரெண்டு மணி நேரம் பேசுனாங்க. குப்பணன் பொண்டாட்டி எந்திரிச்சு, "உச்சிக் கரண்டை டேங்குக்கு விட்டுட்டா எங்க வெங்காயம் காஞ்சு போகும், அதுக்கு ஆரு பொறுப்பு?"ன்னா. நல்லாத்தான் கேட்டா. இன்னொருத்தி, "கரண்டு கொறைஞ்சா எங்களுக்குக் கூலி வேலையும் கொறையுமே"ன்னா. நாகரத்தினம் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில பதினொண்ணுல இருந்து ஒரு மணி வரைக்கும் டேங்குக்கு, மிச்ச உச்சிக் கரண்டு போருக்கு, வெங்காயம் போட்ட தோட்டத்துக்கு இந்த வெள்ளாமை முடியற வரைக்கும் முறையில மொத எடம்னு ஒரு தீர்மானம் கொண்டாந்தாங்க. "ஆதரிக்கறவங்க கையைத் தூக்குங்க"ன்னாரு துரைராசு.

ஒரு கையும் எந்திரிக்கலீங்க. எனக்கு உசுரு வந்துச்சு. என்னதான் பேசுனாலும் ஊட்டுல போயிப் பதில் சொல்லோணுமில்ல? ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பார்க்கறாளுக. அப்ப நடு வரிசையில இருந்து ஒரு கை மேல போச்சு. பச்சைக் கண்ணாடி வளையலு, எங்க மாரியாத்தா நோம்பிக்கு நான் வாங்கிக் குடுத்தது. சாந்தாமணி. தலைவரு பொண்டாட்டியே தூக்கிட்டாளேன்னு மத்ததெல்லாம் அப்புறம் மடமடன்னு எந்திரிச்சுச்சு. வந்திருந்த தொண்ணுத்திரெண்டு பேருல ஆதரவு அம்பத்தெட்டு. எதிர்ப்பு இருபத்தேழு. ஏழு பேரு ரெண்டுக்கும் தூக்கல. ஆறு வருசம் ஏகமனதா இருந்த சங்கம், ஒரே நாள்ல ரெண்டாப் பிளந்து போச்சு பாருங்க. அதோட விட்டாங்களா? புதுக் கமிட்டி ஏழு பேரு. நாகரத்தினம் தலைவி. சாந்தாமணி கமிட்டி மெம்பரு.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். "ஏண்டி, தெரியாமத் தூக்கிட்டயா? பக்கத்துல இருந்தவ கையைப் புடிச்சுத் தூக்கி விட்டாளா?" அவ வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா. "இல்லீங்க"ன்னா. அவ்வளவுதான். அந்த ஒத்த வார்த்தைக்கு மேல நான் கேக்கல. கேட்டு என்ன ஆகப் போகுது? அவளுக்கு என்ன விவரம் தெரியும்? அப்படித்தான் நெனைச்சேன்.

திங்கக்கெழமை பதிவாளரு ஆபீசுக்கு வந்தனுங்க. இதே பஸ்சுதான். கூட்டம் செல்லாதுன்னு மனு. மொதக் காரணம் என்ன எழுதுனேன்னா, உறுப்பினரு இல்லாத ஆளு தலைமையில கூட்டம் ஆரம்பிச்சுச்சு, அதனால செல்லாது. அந்த ஆளு நாந்தான். சீட்டுல இருந்தவரு படிச்சுட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தாரு. "ஐயா, இப்படிப் பார்த்தா ரெண்டு வருசமா நீங்க போட்ட தீர்மானம் ஒண்ணு கூடச் செல்லாதுங்களே?"ன்னாரு. வெடுக்குன்னு மனுவைத் திருப்பி வாங்கிட்டேன். "அது போக, மனு உறுப்பினரு குடுக்கோணும். நீங்க உறுப்பினருங்களா?" இல்லைன்னேன். "ஊட்டுல கார்டு ஆரு பேருல இருக்குது?" சொன்னேன். "அப்ப அவுங்க கையெழுத்தோட கொண்டாங்க"ன்னுட்டாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு நடு ரோட்டுல வேட்டி அவுந்த மாதிரி இருந்துச்சுங்க.

வேற மனு எழுதுனேன். "உறுப்பினர்கள் விவரம் தெரியாமல், பிறர் தூண்டுதலால் கை தூக்கினர். எனவே மறுகூட்டம் நடத்த வேண்டும்." நேத்து சாயந்திரம் அதைக் கொண்டு போயி சாந்தாமணிகிட்ட நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடு"ன்னேன். முன்னயெல்லாம் நீட்டுனாப் போட்டுருவா. பேங்குல, பத்திர ஆபீசுல, சொசைட்டியில, எங்கயும் ஒரு கேள்வி கேட்டதில்ல. நேத்து என்னடான்னா, அடுப்பை அணைச்சுட்டு, கையைத் தொடைச்சுட்டு, எங்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு முழுசையும் படிக்கறா. படிச்சுட்டு, விவரம் தெரியாமல்னு எழுதியிருக்கற எடத்துல வெரலை வெச்சு, "ஏனுங்க, இதுல நானும் சேர்த்திங்களா?"ன்னா.

"சேச்சே, நீ இல்ல. மத்தவங்க."

"மொதக் கை என்னுதுங்களே."

கல்யாணமாகி இருபத்தேழு வருசத்துல அவ என் பேச்சைத் திருத்துனது அதுதான் மொதத் தடவை.

சரி, கையெழுத்துப் போடமாட்டாளாக்கும்னு கையை நீட்டுனேன், மனுவைத் திருப்பி வாங்க. அவ பேனாவைக் கேட்டா. நிதானமாக் கையெழுத்துப் போட்டா. போட்டுட்டு, கீழ ரெண்டு வரி எழுதுனா. இந்தாங்க, நீங்களே பாருங்க. இங்க. "மேலே உள்ளது என் கணவரின் கருத்து. நான் விவரம் தெரிந்துதான் கை தூக்கினேன்." எழுத்தைப் பார்த்தீங்களா, முத்து முத்தா? எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கறா.

எனக்குக் கோவம் தலைக்கேறிப் போச்சு. "இப்படி எழுதுனா இந்த மனு எதுக்குடி ஆகும்? இதுக்குக் கையெழுத்துப் போடாமயே இருந்திருக்கலாமில்ல?"ன்னு கத்துனேன். அவ சத்தம் போடல. பேனாவை மூடிக் குடுத்துட்டுச் சொல்றா: "நான் போடலைன்னா உங்களுக்குச் சொல்றதுக்கு வேற வழியே இல்லீங்களே. ஊருல எல்லாத்துக்கும் வாயிருந்து நமக்கு மட்டும் இல்லைன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. அது உங்களுக்கு வேண்டாம்."

அது உங்களுக்கு வேண்டாம்ங்கறாளுங்க. திட்டியிருந்தாக் கூடத் திருப்பித் திட்டியிருப்பேன். இதுக்கு என்னத்தைச் சொல்றது? அப்படி என்னங்க வாயில்லாமப் போச்சு அவளுக்கு? நான் அடிச்சனா, திட்டுனனா? பேசாதேன்னு ஒரு நாளு சொல்லியிருப்பனா? சத்தியமாச் சொன்னதில்லீங்க. அவளாத்தான் பேசமாட்டா. நான் பேசுவேன், அவ கேட்டுக்குவா. எங்க குடும்பம் அப்படியே ஓடிருச்சு. ஏதாவது மனசுல இருந்தா வந்து சொல்ல வேண்டியதுதானே? கதவைப் பூட்டியா வெச்சிருந்தேன்?

அந்தா, ஆபீசு வந்துருச்சு. அடுத்த ஸ்டாப்பு. இப்ப நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. இதைக் கொண்டு போயிக் குடுக்கறதா, கிழிச்சுப் போட்டுட்டு ஊட்டுக்குப் போறதா? குடுத்தா விசாரணைக்குக் கமிட்டியைத்தான் கூப்பிடுவாங்க. இவளும் வருவா. நாலு பேரு முன்னால இதையேதான் மறுபடி சொல்லுவா. கிழிச்சுட்டாலோ, எனக்காக அவ போட்ட கையெழுத்து போயிருமுங்க. சொல்லுங்க. படிச்சவராத் தெரியறீங்க. ஏனுங்க பேசாம இருக்கறீங்க? என்னுங்க?

நீங்க எறங்க வேண்டிய ஊரு போயி அஞ்சு ஸ்டாப்பு ஆச்சுங்களா! அட ஏஞ்சாமி, அதை அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே? காலை மடக்கி வழி விட்டிருக்க மாட்டனா நானு? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாத்தானுங்களே எனக்குத் தெரியும்?